கழுவியும் ஆறாத மனம்: ஓ.சி.டி. பற்றிப் பினாங்குத் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

பினாங்கில் அரசாங்க மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உறவுக்காரர்கள், கோவிலில் பார்ப்பவர்கள், பழைய நோயாளிகளின் வீட்டார் எனப் பலரும் ஓ.சி.டி. (obsessive-compulsive disorder, போகாத எண்ணமும் அதைத் தணிக்கச் செய்யும் சடங்கும் சேர்ந்த மனநோய்) பற்றி இன்றும் என்னை ஓரமாக அழைத்துக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நோயை உறுதி செய்வதும் மருந்து எழுதுவதும் மருத்துவரின் வேலை. அவரிடம் போய்ச் சேர்வது எப்படி, திரும்பி வந்தபின் வீட்டில் என்ன செய்வது என்பவைதான் எனக்குத் தெரிந்த வேலை.

வீட்டைப் பளிச்சென்று வைத்திருக்கும் என் மனைவியை எல்லாரும் ‘ஓ.சி.டி.’ என்று கேலி செய்கிறார்கள். உண்மையா?

பெரும்பாலும் இருக்காது. துடைத்து முடித்த கூடத்தைப் பார்த்து நிறைவாக உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார் என்றால் அது அவருடைய சுபாவம். நோய் உள்ளவருக்கு அந்த நிறைவு வருவதே இல்லை. துடைத்த கை ஈரம் காய்வதற்குள் ‘சரியாகத் துடைத்தேனா’ என்ற சந்தேகம் வந்து நிற்கும்.

நோய்க்கு இரண்டு பக்கம் உண்டு. அழைக்காமலே வந்து, விரட்டினாலும் போகாத எண்ணம் ஒன்று. அந்த எண்ணம் கிளப்பும் பதற்றத்தைத் தணிக்கச் செய்யும் செயல் இன்னொன்று. கழுவுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது, எண்ணுவது, அடுக்குவது ஆகியவை கண்ணுக்குத் தெரியும். மனத்துக்குள் ஒரு நாமத்தைச் சொல்லி ‘கெட்டதை’ அழிப்பது, நடந்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது, ‘ஒன்றும் ஆகாதில்லையா?’ என்று பிறரைக் கேட்டுக்கொண்டே இருப்பது ஆகியவற்றை யாரும் நோயாக நினைப்பதில்லை. ஆனால் அவையும் அதே வேலையைத்தான் செய்கின்றன. இவற்றுக்கு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது என்றாலோ, படிப்பும் வேலையும் உறவும் இவற்றால் கெடுகின்றன என்றாலோ மருத்துவர்கள் இதை நோயாகப் பார்க்கிறார்கள். உலக அளவில் நூற்றில் இரண்டு பேருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்தில் இது வருகிறது. ஆகவே உங்கள் தாமானிலேயே (குடியிருப்பிலேயே) ஒருவர் இருப்பார்.

நம் ஊருக்கே உரிய ஓர் உதாரணம் சொல்கிறேன். பினாங்குப் பாலத்தில் கார் ஓட்டிப் போகிறார் ஒருவர். சக்கரம் எதன் மீதோ ஏறி இறங்கியதுபோல் ஓர் அதிர்வு. ‘மோட்டார் சைக்கிள்காரரை இடித்துவிட்டேனோ?’ கண்ணாடியில் பார்த்தால் யாரும் இல்லை. மனம் கேட்கவில்லை. 13.5 கிலோமீட்டர் பாலத்தில் நடுவில் திரும்பவும் முடியாது. அக்கரை போய், மறுபடி டோல் கட்டி, அதே இடத்தை மெதுவாகக் கடந்து பார்த்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்ததும், ‘திரும்பிப் போனபோது வேறு யாரையாவது இடித்திருப்பேனோ?’ என்று தொடங்கும்.

இது ஆலோங்கிடம், அதாவது கந்துவட்டிக்காரரிடம், வாங்கிய கடன் மாதிரி. பூட்டை ஒரு முறை பார்த்தால் கொஞ்ச நேரம் நிம்மதி. கட்டியதெல்லாம் வட்டிக்கே போய்விடும், அசல் அப்படியே நிற்கும், நாளை இன்னும் கூடுதலாகக் கேட்பார்கள். சிகிச்சை முழுவதும் இந்த வட்டியைக் கட்டாமல் நிறுத்தப் பழகுவதுதான்.

எனக்கு வரும் எண்ணத்தை வாய்விட்டுச் சொல்லவே முடியாது. நான் அவ்வளவு கெட்டவனா?

இந்தக் கேள்வியை முகத்துக்கு நேராக யாரும் கேட்பதில்லை. ‘என் நண்பருக்கு’ என்று தொடங்குவார்கள்.

பிறந்து சில வாரமேயான குழந்தையைக் குளிப்பாட்டும்போது ‘தண்ணீருக்குள் அழுத்திவிடுவேனோ’ என்று ஒரு தாய்க்கு மின்னும். அன்றிலிருந்து குழந்தையை மாமியார்தான் குளிப்பாட்டுவார், காரணம் யாருக்கும் தெரியாது. கருவறைக்கு முன்னால் கண்ணை மூடியதும் அம்மனைப் பற்றி ஆபாசமான ஒரு காட்சி வரும், பக்தர் கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து கும்பிடுவார். தண்ணீர்மலைக் கோவிலின் 513 படிகளில் ஏறும்போது பாதியில் இப்படி ஒரு நினைப்பு வந்தால் கீழே இறங்கி மறுபடி ஏறுகிறவரும் உண்டு. ரத்த உறவுகளைப் பற்றிய அருவருப்பான எண்ணங்களும் வரும். அவற்றை வைத்துக்கொண்டு பத்து வருடம் வாய் திறக்காமல் இருப்பார்கள்.

கேளுங்கள். 1978இல் ராக்மன், டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள் நோய் இல்லாத சாதாரண மக்களிடமும் இப்படிப்பட்ட எண்ணங்கள் வருவதுண்டா என்று ஆராய்ந்தார்கள். வந்தன, உள்ளடக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 13 நாடுகளைச் சேர்ந்த 777 பல்கலைக்கழக மாணவர்களைக் கேட்டபோது, கடந்த மூன்று மாதத்துக்குள் வேண்டாத எண்ணம் ஒன்றாவது வந்ததாக ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் சொன்னார்கள். எண்ணம் எல்லாருக்கும் வருகிறது. மற்றவர்கள் ‘ச்சீ, என்ன நினைப்பு இது’ என்று உதறிவிட்டுப் போய்விடுகிறார்கள். நோய் உள்ளவர் அதைப் பிடித்து வைத்து விசாரணை நடத்துகிறார்: ஏன் வந்தது, நான் யார், செய்துவிடுவேனோ?

அந்த எண்ணம் உங்களுக்கு எது உயிரோ அதையே தேடிப் பிடிக்கும். குழந்தையை நேசிக்கும் தாய்க்குக் குழந்தையைப் பற்றியும், பக்தருக்குத் தெய்வத்தைப் பற்றியும் வரும். அது உங்கள் விருப்பத்துக்கு எதிராக வருவதால்தான் இவ்வளவு துடிக்கிறீர்கள். மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். மனநலப் பிரிவில் இதைக் கேட்டு யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். அன்று காலையிலேயே இதே கதையை வேறொருவரிடம் கேட்டிருப்பார்கள்.

ஓர் எச்சரிக்கை மட்டும். பிரசவித்த பெண் இப்படியான எண்ணத்தால் அஞ்சி அழுவது வேறு. ‘குழந்தைக்குள் பேய் புகுந்திருக்கிறது’ என்று உறுதியாக நம்புவது, இல்லாத குரல்கள் கேட்பது, தூங்காமல் பிதற்றுவது ஆகியவை வேறு. இரண்டாவது வகை அவசரநிலை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், தாயையும் குழந்தையையும் தனியாக விடக்கூடாது.

மடி, ஆசாரம், தீட்டு பார்ப்பதெல்லாம் நம் வழக்கம்தானே? பக்திக்கும் நோய்க்கும் கோடு எங்கே?

வழக்கத்துக்கு ஒரு முடிவு உண்டு. இழவு வீட்டுக்குப் போய் வந்தால் தலைக்குக் குளிப்போம், அத்தோடு சரி. நோயில் அந்த ‘அத்தோடு சரி’ இல்லை. குளித்து வந்தவர் வாசல் கதவில் தோள் பட்டதா என்று யோசித்து மறுபடி குளிக்கப் போவார். வீட்டிலேயே மிகுந்த ஆசாரமான பாட்டி ‘போதும்டி’ என்று சொல்லும் இடத்தைத் தாண்டிப் போனால், அது ஆசாரமாக இருக்க வாய்ப்பில்லை.

பினாங்கில் நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களிலும் இதைப் பார்க்கலாம். தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளுச் செய்து முடித்தவர், ‘முழங்கை நனைந்ததா, நிய்யத் (மன எண்ணம்) சரியாக வைத்தேனா’ என்று மறுபடி குழாயைத் திறப்பார். ஜமாஅத் தொழுகை முடிந்தே போகும். மலாய்க்காரர்கள் இதை ‘வஸ்வஸ்’ என்பார்கள், நம் பெரியவர்களும் வஸ்வாஸ் என்று அறிந்திருக்கிறார்கள். 9ஆம் நூற்றாண்டில் பிறந்த அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கி, மனத்தைப் பிடிக்கும் இந்த எண்ணங்களைக் கோபம், அச்சம், துயரம் ஆகியவற்றிலிருந்து பிரித்துத் தனித் துன்பமாகவே எழுதி வைத்திருக்கிறார். ‘உறுதியானது ஐயத்தால் நீங்காது’ என்பது இஸ்லாமியச் சட்டத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. தொழுகையில் வரும் வஸ்வாஸைப் பொருட்படுத்தாமல் தொடரும்படிதான் மார்க்க அறிஞர்கள் சொல்கிறார்கள். கத்தோலிக்கர்களிடம் இதே நோய் ஒப்புரவு அருட்சாதனத்தில் தலைகாட்டும்: பாவத்தை முழுமையாகச் சொன்னேனா என்று அதே வாரம் மறுபடியும் பாதிரியாரிடம் போவார்கள்.

குருக்களையோ உஸ்தாதையோ பாதிரியாரையோ ஒரு முறை கேளுங்கள்: எவ்வளவு போதும் என்று. அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு அத்தோடு நிறுத்துங்கள். இரண்டாம் முறை அதே கேள்வியோடு போனால், அந்தக் கேள்வி நோயினுடையது.

செய்வினையாக இருக்குமோ? போமோவிடம் (மலாய் மந்திரவாதியிடம்) காட்டலாமா?

காட்டியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். எலுமிச்சம்பழமும் தாயத்துமாகத் தொடங்கி, சங்கிலி அடகுக்குப் போய், அப்புறம்தான் எங்களிடம் வருவார்கள். அதற்குள் வருடங்கள் போயிருக்கும். சாமி கும்பிடுவதை நான் தடுக்கவில்லை, நானே கும்பிடுகிறவள். ஆனால் ‘இந்தத் தாயத்தைக் கழற்றினால் ஆபத்து’, ‘நாளுக்கு 108 முறை சொல்லாவிட்டால் திரும்பி வரும்’ என்று சொல்கிறவர், ஏற்கெனவே சடங்கில் சிக்கியிருப்பவருக்கு இன்னொரு சடங்கைக் கட்டிவிடுகிறார். இந்த நோய்க்கு அதைவிடக் கெடுதலான மருந்து இல்லை.

எதனால் வருகிறது? என் வளர்ப்பில் குறையா?

இல்லை. குடும்பத்தில் இருந்தால் வரும் வாய்ப்பு கூடுகிறது. இரட்டையர் ஆய்வுகள் பரம்பரையின் பங்கைக் கிட்டத்தட்ட பாதி எனக் காட்டுகின்றன. மூளையில் நெற்றிப் பகுதிக்கும் ஆழத்தில் உள்ள சில முடிச்சுகளுக்கும் இடையே ஓடும் ஒரு சுற்று, ‘முடிந்தது, போகலாம்’ என்று தெரிவிக்க வேண்டிய நேரத்தில் ஓயாமல் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலிருந்து இருபதுகளுக்குள் தொடங்கும். பிரசவம், இழப்பு, வேலை நெருக்கடி ஆகியவை தூண்டிவிடலாம். தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் வீடுகளில் சுலபமாக நடக்கும். அதனால் யாரும் குணமானதில்லை.

எந்தப் பரிசோதனையில் தெரியும்?

இரத்தத்திலோ ஸ்கேனிலோ தெரியாது. மருத்துவர் பேசித்தான் கண்டுபிடிக்கிறார். கடுமையை அளக்க யேல்-பிரவுன் அளவுகோல் என்ற பத்துக் கேள்விகள் உண்டு. மொத்தம் 40 புள்ளி. சிகிச்சைக்கு முன்பும் பின்பும் அதைக் கேட்டால் முன்னேற்றம் எண்ணாகவே தெரியும்.

பேசியே குணப்படுத்துகிறார்கள் என்கிறார்களே, என்னதான் பேசுவார்கள்?

பேச்சு குறைவு, செய்வதுதான் அதிகம். இ.ஆர்.பி. என்ற பயிற்சியைச் சொல்கிறீர்கள். பயத்தைக் கிளப்பும் பொருளையோ எண்ணத்தையோ வேண்டுமென்றே நெருங்கி, வழக்கமான சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழகுவது.

இதன் தொடக்கத்தில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு என்பதில் எனக்குப் பெருமை. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையைப் பதிவு செய்தார். அதுவரை இந்த நோயை யாராலும் அசைக்க முடியவில்லை என்றே கருதப்பட்டது. அவர் வார்டுத் தாதியரைக் கூடவே இருக்க வைத்து, நோயாளி கழுவும் சடங்கைச் செய்யாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அறைக் குழாயின் தண்ணீர்கூட நிறுத்தப்பட்டது. இன்று யாரும் குழாயை மூடுவதில்லை. நோயாளியே சம்மதித்து, தானே படிப்படியாகச் செய்ய வேண்டும்.

எப்படி என்று கேட்டால், ஒருவருக்குச் சந்தை என்றாலே அழுக்கு பயம் என்று வையுங்கள். சௌராஸ்தா சந்தையில் மீன் பலகைக்குப் பக்கத்தில் போனாலே வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரக் குளியல். சிகிச்சையாளரோடு உட்கார்ந்து பயப்படும் காரியங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நூறு வரை மதிப்பெண் போடுவார். ரேப்பிட் பினாங்கு பஸ்ஸில் கைப்பிடியைப் பிடிப்பது முப்பது. அதைப் பிடித்த கையோடு கழுவாமல் ரொட்டி சானாய் சாப்பிடுவது அறுபது. மீன் பலகையைத் தொட்ட கையால் சொந்தத் தலையணையைத் தொடுவது தொண்ணூறு. முப்பதில் தொடங்குவார்கள். கைப்பிடியைப் பிடித்துவிட்டுக் கழுவாமல் உட்கார்ந்திருந்தால் நெஞ்சு அடிக்கும், வியர்க்கும். சிலருக்கு அரை மணியிலோ ஒரு மணியிலோ தணியும். சிலருக்கு அன்று தணியாது. ஆனாலும் ‘இந்தப் பதற்றத்தோடு நான் இருந்தேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பதை உடம்பு கற்றுக்கொள்ளும். மறுநாள் மறுபடி செய்ய வேண்டும். அப்புறம் அடுத்த படி.

இங்கே ஒரு கள்ளத்தனம் நடக்கும், எனக்குத் தெரியும். சிகிச்சையாளர் முன் கைப்பிடியைப் பிடித்துவிட்டு, ‘வீட்டுக்குப் போய்க் கழுவிக்கொள்ளலாம்’ என்று மனத்துக்குள் சமாதானம் செய்துகொள்வார்கள். அப்படிச் செய்தால் பயிற்சி வீண்.

மனத்துக்குள்ளேயே நடக்கும் சடங்குகளுக்கும் இதே முறைதான். ‘குழந்தைக்கு என்னால் ஆபத்து வரலாம், வராமலும் போகலாம், உறுதியாக எதுவும் சொல்ல முடியாது’ என்று எழுதி, அதை எதிர்த்து வாதாடாமல் படிக்கச் சொல்வார்கள். கேட்பவருக்குக் கொடூரமாகத் தோன்றும். தேர்ந்த சிகிச்சையாளர் அருகில் இருந்து செய்ய வைக்க வேண்டிய வேலை இது. வீட்டில் மாமா, சித்தப்பா சேர்ந்து பலவந்தமாகக் குப்பையைத் தொட வைப்பது சிகிச்சை ஆகாது.

வழக்கமாகப் பன்னிரண்டு முதல் இருபது அமர்வுகள் ஆகும். முழுமையாகச் செய்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள்.

மாத்திரை சாப்பிட்டால் அதற்கே அடிமையாகிவிடுவோமே?

பொதுவாகக் கொடுக்கப்படும் ஃபுளுவொக்சமின், செர்ட்ராலின், ஃபுளுவொக்செடின் போன்றவை போதை தருபவை அல்ல. இன்னும் வேண்டும் என்ற ஏக்கத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு வரும். மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான் குறைக்க வேண்டும்.

நம்மவர்கள் தோற்கும் இடம் பொறுமை. இரண்டு வாரம் சாப்பிட்டுவிட்டு ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று குப்பையில் போடுவார்கள். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட இதற்குப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படும். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். முதல் வாரங்களில் குமட்டல், தலைவலி, படபடப்பு இருக்கலாம். தாம்பத்தியத்தில் நாட்டமும் குறையலாம். வெட்கப்பட்டுச் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தும் ஆண்களே, மருத்துவரிடம் சொன்னால் மாற்று வழி உண்டு. 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைத் தொடக்கத்தில் கூர்ந்து கவனிக்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் சிலருக்குத் தலைதூக்கக்கூடும். தேறிய பிறகும் ஒன்றிரண்டு வருடம் தொடரச் சொல்வார்கள்.

பழைய மருந்தான குளோமிப்ரமின் இன்னும் பயன்படுகிறது, பக்க விளைவு அதிகம் என்பதால் பின்வரிசையில் நிற்கிறது. அல்ப்ரசோலம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் இந்த நோயைத் தொடுவதில்லை. அடிமையாக்கும் மருந்து என்று பயந்தால் அதற்குப் பயப்படுங்கள். நோன்பு மாதத்தில் மாத்திரையை விட்டுவிட வேண்டாம். பல மருந்துகள் நாளுக்கு ஒரு வேளைதான். நோன்பு திறக்கும் நேரத்துக்கோ சஹருக்கோ மாற்ற முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? எல்லா உதவியும் செய்கிறோமே!

அந்த ‘எல்லா உதவி’யில்தான் பாதிச் சிக்கல்.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகள். வேலை முடிந்து வந்ததும் வாசலில் அப்பா துண்டோடு நிற்பார். தம்பி குளியலறைக் கதவைத் திறந்து வைப்பான், அவள் பிடியைத் தொடக்கூடாதாம். அம்மா பையைத் துடைப்பார். சாப்பிட உட்கார்ந்ததும், ‘அம்மா, தட்டு சுத்தமா?’ ‘சுத்தம்மா.’ ‘சத்தியமா?’ ‘சத்தியமா.’ இப்படி இரவு வரை. எல்லாரும் பாசத்தால் செய்கிறார்கள். ஆனால் அவளுடைய சடங்கை அவள் மட்டும் செய்யவில்லை, நான்கு பேர் சேர்ந்து செய்கிறார்கள். கோவிட் சமயத்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் ஊரே இப்படித்தான் இருந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை. ஊர் நிறுத்தியது, அந்த வீடு நிறுத்தவில்லை.

நாளையே எல்லாரும் கையை விரித்துவிடக் கூடாது. அது அவளைத் தண்ணீரில் தள்ளிவிடுவதுபோல் ஆகும், வீட்டில் கூச்சலும் எழும். நோயாளியோடு அமைதியான ஒரு நேரத்தில் உட்காருங்கள். இந்த வாரம் எதை நிறுத்தலாம் என்று அவளையே தேர்ந்தெடுக்க விடுங்கள். தட்டு பற்றிய கேள்விக்கு ஒரு முறை மட்டும் பதில் என்று முடிவானால், இரண்டாம் முறை சொல்ல வேண்டியதையும் அன்றே பேசி வையுங்கள்: ‘உனக்குப் பதற்றமாக இருப்பது தெரிகிறதும்மா. இது நோய் கேட்கும் கேள்வி. நான் பதில் சொல்லப் போவதில்லை, ஆனால் பக்கத்திலேயே இருக்கிறேன்.’ இதைச் சொல்லும் அம்மாவுக்குத்தான் வயிறு கலங்கும். முதல் சில நாள் மகள் அழுவாள், கத்துவாள், அப்பாவிடம் போய்க் கேட்பாள். அப்பா மனம் இளகிச் ‘சுத்தம்தான், சாப்பிடு’ என்று சொன்னால் கதை முடிந்தது. வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லில் நிற்க வேண்டும், சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வரும் அத்தை உட்பட.

திட்டுவதும் பலன் தராது. ‘உனக்கு வேறு வேலையில்லை’, ‘மனத்தைக் கட்டுப்படுத்து’ என்பவை கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன சொற்கள். கட்டுப்படுத்த முயன்று முயன்றுதான் அவர் இந்த நிலைக்கு வந்திருக்கிறார்.

மகன் எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) எழுதப் போகிறான். ஒரு பக்கத்தை ஒரு மணி நேரம் படிக்கிறான். சோம்பலா?

அவன் அந்தப் பக்கத்தை எத்தனை முறை படிக்கிறான் என்று பாருங்கள். வரி சரியாக மனத்தில் ஏறவில்லை என்று தோன்றித் தோன்றித் திரும்பப் போவதும், எழுத்து கோணலானால் தாளையே கிழித்து மறுபடி எழுதுவதும் இந்த நோயின் ஒரு முகம். டியூஷனைக் கூட்டுவதால் சரியாகாது. தேர்வு முடியட்டும் என்றும் தள்ளிப் போடாதீர்கள். பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள், மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள். பிள்ளைகளுக்கும் இ.ஆர்.பி. பயிற்சிதான் முதலில், பெற்றோரும் உடன் உட்கார வேண்டியிருக்கும்.

பினாங்கில் எங்கே போவது? தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்களா?

அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளைப் பயமுறுத்தி வளர்த்த ஊர் நம்முடையது. 1911இல் திறந்த உலு கிந்தா பஹாகியா மனநல மருத்துவமனை அது. இன்றும் நல்ல சேவை செய்கிறது. ஓ.சி.டி.க்காக அங்கே போய்ப் படுக்க வேண்டியவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோர் வெளிநோயாளியாக வந்து, மருந்தும் பயிற்சியும் பெற்று, அன்றே வீடு திரும்புவார்கள்.

பக்கத்திலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் தொடங்குங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அங்குள்ள மருத்துவர் பரிந்துரைக் கடிதம் கொடுத்தால், தீவில் இருப்பவர்கள் பினாங்கு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும், பெருநிலத்தில் இருப்பவர்கள் செபராங் ஜெயா மருத்துவமனைக்கும் போகலாம். நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். காத்திருக்க வேண்டியிருக்கும், மறைக்க மாட்டேன். வசதி உள்ளவர்கள் தனியார் நிபுணரிடம் சீக்கிரம் பார்க்கலாம். தனியாரிடம் போகும்போது ஒன்றை நேராகக் கேளுங்கள்: ‘ஓ.சி.டி.க்கு நீங்கள் இ.ஆர்.பி. செய்வதுண்டா, எப்படிச் செய்வீர்கள்?’ சிறு வயது நினைவுகளைக் கிண்டிக்கொண்டே பல மாதம் ஓட்டுகிறவரிடம் உங்கள் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

மொழி ஒரு தடை. மலாயில் கேள்வி வரும், மனத்தில் இருப்பது தமிழில் இருக்கும். தமிழ் தெரிந்த மருத்துவரோ தாதியோ இருந்தால் கேட்டுப் பெறுங்கள், அதில் கூச்சம் வேண்டாம். அம்மாவை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு ஆபாச எண்ணத்தைப் பற்றிப் பேச எந்த மகனுக்கும் வாய் வராது. வீட்டிலேயே தாளில் எழுதி எடுத்துப் போய் நீட்டுங்கள்.

கல்யாணப் பேச்சு நடக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா?

ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து, சம்பந்தப்பட்டவரே தனியாக, நிச்சயத்துக்கு முன்னால். மாத்திரைப் பட்டையைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. அது தெரிந்து விலகுகிறவர் முன்பே விலகிப் போகட்டும். ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்று சொல்லும் பெரியவர்களிடம் மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது.

வாழவே பிடிக்கவில்லை என்கிறார்.

அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘செத்துவிடுவேனோ’ என்று பயந்து எண்ணம் வருவதும், சாக வேண்டும் என்று விரும்புவதும் வேறு வேறு. எது என்று வீட்டில் உட்கார்ந்து ஊகிக்காமல் மருத்துவரிடம் விடுங்கள். உடனடி ஆபத்து என்றால் 999, அல்லது நேராக அவசரப் பிரிவு. பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் 15555, அல்லது 24 மணி நேரமும் இயங்கும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. போலீஸ் வழக்காகிவிடும் என்று முன்பு பயந்தார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது.

முழுசாகக் குணமாகுமா?

சிலருக்கு ஆகிறது. பலருக்கு நாளில் ஆறு மணி நேரம் தின்றது அரை மணி நேரமாகக் குறைகிறது, வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள். தூக்கமில்லாத வாரத்திலும், வீட்டில் சாவு விழுந்தாலும், மீண்டும் கொஞ்சம் தலைகாட்டும். அப்போது பழைய பயிற்சித் தாளை எடுத்து, விட்ட படியிலிருந்து தொடங்க வேண்டும். மாத்திரையை நிறுத்தியிருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்தும் பயிற்சியும் முறையாகச் செய்தும் அசையாத கடுமையான நோய்க்கு, இன்னொரு மருந்தைச் சேர்ப்பது முதல் மூளையைக் காந்தத்தால் தூண்டுவது வரை நிபுணர்களிடம் மேல் வழிகள் உண்டு.

எனக்கு இருக்கிறதா என்று இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. வேறு பக்கங்களையும் படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா?

எத்தனை இரவாகத் தேடுகிறீர்கள்? உறுதி கிடைக்கும் வரை தேடுவதும் இந்த நோய் செய்ய வைக்கும் காரியங்களில் ஒன்று. இந்தப் பக்கத்தையும் மறுபடி படிக்க வேண்டாம். காலையில் கிளினிக் திறக்கும் நேரத்துக்குப் போய் எண் வாங்கிக்கொண்டு உட்காருங்கள்; அடையாள அட்டையை மறக்காதீர்கள். எடுத்தோமா என்று ஒரு முறை பார்த்தால் போதும்.